பகலில் பாரதம், இரவில் கூத்து

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போகலாம் என்று கேட்பவர்களிடம் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் எப்போது கொடி ஏறுகிறது என்று விசாரிக்கச் சொல்வேன். விழுப்புரத்தை அடுத்த கோலியனூர் கூட்ரோட்டிலிருந்து புதுச்சேரிப் பக்கம் போனாலும் பண்ருட்டிப் பக்கம் போனாலும், சித்திரை வைகாசியில் ஏதாவதொரு ஊரில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. சில ஊர்களில் பத்து நாள், சில ஊர்களில் இருபது நாளுக்கு மேல். இலக்கியமும் இசையும் நடிப்பும் ஒப்பனையும் மண்சிற்பமும் ஒரே திடலில் கிடைக்கின்றன. நுழைவுச் சீட்டு கிடையாது. கைக்குழந்தையும் பாட்டியும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சும்மா அழைத்துப்போய் உட்கார வைத்தால் மட்டும் பிள்ளைகளுக்கு இது ஒட்டாது. ராத்திரி பத்து மணிக்குத் திடலில் இறக்கிவிட்டால் பதினொரு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள், இல்லையென்றால் பஞ்சுமிட்டாய்க் கடைக்கு இழுப்பார்கள். வீட்டுப் பிள்ளைகளையும் தெருப் பிள்ளைகளையும் பல கோடைகளாக அழைத்துப்போனதில் எனக்குத் தெளிவான வழி இதுதான்: பகலில் கதையைக் காதால் கேட்கட்டும், இரவில் அதையே கண்ணால் பார்க்கட்டும், மறுநாள் காலையில் தாங்களே ஆடிப் பார்க்கட்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பாரதம் பிள்ளைக்குள் இறங்குகிறது.

முதல் வேலை நோட்டீஸ் வாங்குவது. மஞ்சளும் இளஞ்சிவப்புமாக அச்சடித்து டீக்கடையில் வைத்திருப்பார்கள். எந்த நாள் என்ன பிரசங்கம், எந்த ராத்திரி என்ன கூத்து, எந்த ஊர் ஜமா (கூத்துக் குழு), ஆசிரியர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று அந்தப் பட்டியலைப் பிள்ளைகளையே சத்தம்போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத தலைப்பைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாதிக் கதை அங்கேயே வந்துவிடும். விழா முடியும்வரை நோட்டீஸ் எங்கள் வீட்டுக் கதவில்தான் ஒட்டியிருக்கும். பார்த்த கூத்தைப் பிள்ளைகள் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வருவார்கள்.

பிரசங்கம் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும். அக்கினி நட்சத்திர வெயிலில் யார் போவார்கள் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நான் சொல்வதென்றால், இந்த விழாவின் உயிர் அந்தப் பிரசங்கப் பந்தலடியில்தான் இருக்கிறது. பிரசங்கியார் ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையாக ஒரு விருத்தத்தை ராகத்தோடு பாடுவார். பிறகு அதைப் பிரித்துப் பொருள் சொல்வார், இடையில் ஊர்க்கதை ஒன்றைச் சொருகுவார், மறுபடி பாட்டுக்குத் திரும்புவார். செய்யுள் என்றால் மனப்பாடப் பகுதி என்று மட்டும் அறிந்த பிள்ளை, அதே செய்யுளுக்கு ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொள்வதை அங்கே பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் இது கிடைக்காது.

இங்கே படிப்பது வில்லிபாரதம். அதைப் பாடிய வில்லிபுத்தூரார் நம் பக்கத்துக்காரர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் ஆதரித்ததால் பாரதத்தைத் தமிழில் பாடினார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதியவர் அவருடைய மகன் வரந்தருவார். பத்துப் பருவங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள். ஊரில் பாரதம் படிக்கும் வழக்கம் அதைவிடவும் பழையது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று தனிப் பங்கு ஒதுக்கியதை முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு சொல்கிறது. அது ஏழாம் நூற்றாண்டு. பந்தலில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எத்தனை தலைமுறை வயது என்று அது தெரிந்துகொள்ளட்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் வில்லிபாரதப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிரசங்கியார் எந்தப் பாட்டைப் பாடுகிறார் என்று தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிடும். விரலை வரிமேல் வைத்துக்கொண்டு கூடவே போகும்போது, சீர் எங்கே பிரிகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிபடும். சின்னப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள். பந்தல் ஓரத்தில் மணலில் விளையாடட்டும், காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

எல்லா ராத்திரியும் எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதல்ல. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு வில் வளைப்பு நல்லது. கல்யாணக் கதை, கலகலப்பாக இருக்கும். பகாசூரன் கதையைப் பகலில் நடத்தும் ஊர்களில், பீமன் வேசக்காரர் சோற்று வண்டியோடு தெருத்தெருவாக வருவதை எந்தப் பிள்ளையும் மறக்காது. அர்ச்சுனன் தபசு எல்லா வயதுக்கும் உகந்தது. உயரமான தபசு மரத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து விபூதியும் பூவும் எலுமிச்சம்பழமும் இறைப்பார் அர்ச்சுனன். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் கீழே ஈரத்துணியோடு காத்திருப்பார்கள். சில ஊரில் விடியலில் ஏறுவார்கள், சில ஊரில் சாயங்காலம். நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் விடிய விடிய நடக்கிற கனமான கூத்துகள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்தால் தாங்குவார்கள்.

துகில் ராத்திரிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தாமல் அழைத்துப்போகாதீர்கள். சபை நடுவே ஒரு பெண்ணை இழுத்துவரும் கதை அது. அந்தக் காட்சிக்கு முன்னால் துச்சாதனன் வேசக்காரர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதைப் பல ஜமாக்களில் பார்த்திருக்கிறேன். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். வேசம் வேறு, ஆள் வேறு என்பதும், நடிப்பதற்காகக்கூட இந்தக் காரியத்தைச் செய்ய ஒரு மனிதர் கூசுகிறார் என்பதும் அந்தக் கற்பூர வெளிச்சத்தில் புரிகிற அளவுக்கு வேறெப்படிச் சொன்னாலும் புரியாது. யாரும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்பதை எங்கள் வீட்டில் பேசத் தொடங்கியதே அந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

கூத்து தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். ஒன்பது மணி வாக்கில் ஒப்பனைக் கொட்டகையில் அரிதாரம் பூச ஆரம்பிப்பார்கள். தள்ளி நின்று, “வாத்தியாரே, பசங்க பாக்கணும்னு ஆசப்படறாங்க, ஓரமா நிக்கட்டுமா?” என்று கேளுங்கள். மறுத்தவர்கள் குறைவு. ஒரு வாத்தியார், “வாங்க கண்ணு, ஆனா கிரீடத்தத் தொடக்கூடாது, அது கும்புட்டுட்டுக் கட்றது” என்றார். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். புஜக்கட்டை, மார்பதக்கம், கிரீடம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. எந்த வேசத்துக்கு எந்த நிறம், ஏன் என்று பிள்ளைகளே கேட்கட்டும். செல்போனில் படம் எடுக்கும்முன் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் போடவே வேண்டாம். பாதி ஒப்பனையில் தன்னைப் படமெடுப்பதை எந்தக் கலைஞரும் விரும்புவதில்லை.

உட்காரும் இடம் முக்கியம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே பாய் விரிக்காதீர்கள். முகவீணையின் கூரிய சத்தம் பெட்டி வழியாக வந்தால் குழந்தைகளின் காது வலிக்கும். கைக்குழந்தை இருந்தால் பின்வரிசைதான். மற்றவர்கள் பக்கவாட்டில், தாளக்காரரும் மிருதங்கக்காரரும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். முதலில் களரி கட்டும்போது வாத்தியங்கள் மட்டும் முழங்கும். பிறகு கட்டியங்காரன் வருவார். அப்புறம் ஒவ்வொரு வேசமும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பாதி முகம் காட்டி, மறைந்து, கடைசியில் திரை விலக வெளியே வரும். பாடகர் ஒரு வரி பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் பிள்ளைகளும் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

கட்டியங்காரன்தான் பிள்ளைகளின் ஆள். துரியோதனன் செய்யுள் நடையில் முழங்கியதை அவர் நம் பேச்சில் சொல்லி, இந்த ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையையும் பஸ் வராததையும் கூடவே சேர்த்துவிடுவார். நள்ளிரவுக்குப் பிறகு அவருடைய சில கிண்டல்கள் பெரியவர்களுக்கானவையாக இருக்கும். சின்னவர்கள் அதற்குள் தூங்கிவிடுவார்கள்.

மறுநாள் காலைதான் எனக்குப் பிடித்த நேரம். வேப்பமரத்தடியில் அட்டை, பசை, வண்ணத்தாள், கரி, செம்மண் எல்லாம் எடுத்து வைத்துவிடுவேன். சிலர் கிரீடம் செய்வார்கள். சிலர் பழைய வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நுழைவை ஆடிப்பார்ப்பார்கள். எழுதப் பிடித்தவர்களுக்கு ஒரு வேலை உண்டு: கட்டியங்காரனுக்குப் புதிதாக நாலு வரி வசனம் எழுத வேண்டும், நம் தெருவைப் பற்றி இருக்க வேண்டும். படுகளத்துக்கு முந்தைய நாள், கோயில் திடலில் களிமண்ணால் துரியோதனனைப் படுத்த நிலையில் பெரிதாகச் செய்வதைப் பார்க்க அழைத்துப்போவேன். வீட்டில் முழ நீளத்துக்கு ஒன்றைப் பிள்ளைகளும் செய்வார்கள். படுகளத்தில் காந்தாரியின் ஒப்பாரியைக் கேட்டுவிட்டு வந்து, தங்கள் பாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு கோடையில் எங்கள் வீட்டுச் சிறுமி, “பாஞ்சாலி வேசத்த ஏன் அண்ணன் கட்றாரு? அக்காங்க கட்ட மாட்டாங்களா?” என்று கேட்டாள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. வழக்கமாக ஆண்கள்தான் கட்டிவந்தார்கள், ஆனால் அது மாறத் தொடங்கியிருக்கிறது என்றேன். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருய்னும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தைப் பற்றிச் சொன்னேன். 2002 முதல் 2020 வரை பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்த அந்த இடத்தில், பெண் பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினார்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் அவள் எடுத்துக்கொண்டது பாஞ்சாலி வேசம் இல்லை, பீமன் வேசம்.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா வரும். அந்த நாட்களில் விழுப்புரம் நகரத்தில் திருநங்கையர் நிறையப் பேர் வந்து தங்குவார்கள், அழகிப் போட்டியும் கலை நிகழ்ச்சிகளும் நடக்கும். பிள்ளைகள் பஸ்ஸில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அரவான் களபலி பார்த்த பிள்ளைக்கு விளக்குவது எளிது: களபலியாகப் போகிறவனைக் கட்டிக்கொள்ள மோகினியாக வந்த கண்ணனின் கதை அது, இவர்கள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ள வந்திருப்பவர்கள். “அக்கா” என்று கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

எல்லாக் குடும்பமும் வரலாம் என்பதுபோல மேலே எழுதினேன். எல்லா ஊரிலும் அது உண்மையாக இருக்கவில்லை. கோலியனூருக்கு அருகே மேல்பாதியில், பட்டியலின மக்கள் உள்ளே போய் வழிபடுவதைத் தடுத்ததால் எழுந்த மோதலில், தர்மராஜா திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூனில் பூட்டி சீல் வைக்கப்பட்டது. 2024 மார்ச்சில்தான் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்காகத் திறந்தார்கள். பாரதம் கேட்கும் வயதுப் பிள்ளைக்கு இதையும் சொல்லத்தான் வேண்டும். எந்த ஊருக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும்போது, பந்தலில் எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து உட்காருகிறார்களா என்று விசாரிக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட வெளியே நிற்க வைக்கும் இடத்துக்கு மற்றவர்களையும் அழைத்துப்போவதில்லை.

வசதிகளைப் பற்றிக் கொஞ்சம். பாய், போர்வை, தண்ணீர், மோர், கொசுவர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் பனி இறங்கும், பிள்ளைகளின் தலைக்குத் துண்டு வேண்டும். ராத்திரி கடைசி பஸ் போய்விட்டால் கூட்ரோடு வரை வண்டி கிடைப்பது கஷ்டம், திரும்பும் வழியை முன்பே பேசி வைத்துவிடுங்கள். தீமிதிக்குக் கூட்டம் நெரியும். சின்னப் பிள்ளைகளைக் குழிக்கு அருகே கொண்டுபோகாமல் எட்ட இருந்தே காட்டுங்கள்.

இன்னொன்று, ஜமாவுக்குப் பணம். கூத்துக்காரர்களின் வருமானம் பெரும்பாலும் இந்தச் சில மாதங்களில் வருவதுதான். பிள்ளைகள் கையில் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுங்கள், அவர்களே மேடையருகே போய்க் கொடுக்கட்டும். விடிந்ததும் வேசம் கலைத்துக்கொண்டிருக்கும் கலைஞரிடம் போய், எந்த இடம் பிடித்தது என்று சொல்லிவிட்டு வரட்டும். ஆடி முடிந்து மழைக்காலம் வந்தால் திடல்கள் காலியாகிவிடும், கலைஞர்களில் பலர் கூலி வேலைக்குப் போவார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஐப்பசி கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவர்களை அழைக்க முடியுமா என்று பாருங்கள். வாத்தியாரை மட்டும் அழைத்தால் போதாது; முகவீணைக்காரரையும் மிருதங்கக்காரரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், மூவருக்கும் தனித்தனியாகச் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள்.