பயம் வருமுன்னே எடுக்கவேண்டிய தீர்மானம்

அருமையானவர்களே, நம்முடைய சபையிலே கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பட்டறை நடத்துகிறவர்கள், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் அநேகர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பாஸ்டர், முடிவெடுக்கிற நேரத்துல கை நடுங்குதே, தைரியம் எங்கேயிருந்து வரும்?" இந்த மாதப் பாடத்திலே அதைத்தான் பார்க்கப்போகிறோம். இதற்கு வியாபார உலகத்திலே நடந்த ஒரு உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நடந்தது என்ன?

1982-ம் வருஷம் செப்டம்பர் கடைசியிலே, அமெரிக்காவின் சிகாகோ பட்டணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏழு பேர் அடுத்தடுத்து மரித்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தி 12 வயதுச் சிறுமி. எல்லாரும் டைலெனால் என்ற வலி நிவாரண கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்கள். கடைக்கு வந்துவிட்ட பாட்டில்களிலே யாரோ சயனைடு விஷத்தைக் கலந்துவிட்டார்கள். கலந்தது யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

அந்த மருந்து ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியுடையது. அதன் தலைவர் ஜேம்ஸ் பர்க். தவறு கம்பெனியின் தொழிற்சாலையில் நடக்கவில்லை. ஆனாலும் பெயர் கெட்டது கம்பெனிக்குத்தான். வலி மாத்திரை வியாபாரத்திலே ஏறக்குறைய 35 சதவீதமாக இருந்த அதன் பங்கு சில வாரங்களிலே 10 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. "இனி இந்தப் பெயர் எழும்பாது" என்று விளம்பரத்துறையிலே சொன்னவர்கள் உண்டு.

பர்க் என்ன செய்தார்? நாடு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப வாங்கினார். நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல். அப்படிச் செய்தால் குற்றவாளி தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பான் என்று எஃப்.பி.ஐ. தயங்கியது. அப்படியும் அவர் பின்வாங்கவில்லை.

தைரியம் எங்கேயிருந்து வந்தது?

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய காரியம் இருக்கிறது. அந்தத் தைரியம் அந்த வாரத்திலே பிறந்தது அல்ல. 1943-லேயே அந்தக் கம்பெனியின் ராபர்ட் உட் ஜான்சன் ஒரு பக்க அளவிலே ஒரு கொள்கை அறிக்கை எழுதிவைத்தார். முதல் கடமை மருந்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, பிறகு வேலைக்காரர்களுக்கு, பிறகு சமுதாயத்துக்கு, பங்குதாரர்களுக்குக் கடைசியிலே என்பது அதன் வரிசை.

அது சுவரிலே தொங்கினால் மட்டும் போதுமா? போதாது. 1970-களிலே பர்க் தம்முடைய மேலாளர்களைக் கூட்டி, "இதன்படி நடக்க மனதில்லை என்றால் சுவரிலிருந்து இறக்கிவிடலாம்" என்ற கருத்திலே அவர்களோடு வாதாடினார். வாதாடி வாதாடி அந்த வரிசை அவர்கள் உள்ளத்திலே பதிந்தது. ஆகவே நெருக்கம் வந்த நாளிலே "யாருக்கு முதலிடம்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. பயம் இருந்தது, ஆனால் குழப்பம் இல்லை.

தானியேலை நினைத்துப் பாருங்கள். சிங்கக் கெபியைப் பற்றிய கட்டளை வந்தபிறகா அவர் ஜெபிக்கப் பழகினார்? முன்னமே பழகியிருந்தார்.

சங்கடத்துக்கு ஒளியாதிருங்கள்

பர்க் பத்திரிகைக்காரரைக் கண்டு கதவை அடைக்கவில்லை. '60 மினிட்ஸ்' தொலைக்காட்சிக் குழுவை உள்ளே அனுமதித்தார். ஜனங்கள் கூப்பிட்டுக் கேட்க இலவசத் தொலைபேசி எண் கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பரிலே மூன்று அடுக்கு முத்திரையோடு மருந்தை மறுபடியும் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குள் இழந்த பங்கில் பெரும்பகுதி திரும்பி வந்தது. 1986-ல் நியூயார்க் பகுதியில் மறுபடியும் ஒரு பெண் அதே விதமாய் மரித்தபோது, கடைகளிலே சீட்டில்லாமல் விற்கிற தன்னுடைய கேப்ஸ்யூல்களையே கம்பெனி நிறுத்திவிட்டது.

ஒரு எச்சரிப்பையும் சொல்லவேண்டும். இதே கம்பெனியின் டால்கம் பவுடரைப் பற்றிப் பின்னாளிலே ஆயிரக்கணக்கான வழக்குகள் எழும்பின. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தாலும், 2020-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் பவுடர் விற்பனையை நிறுத்தியது. நேற்று நன்றாய் நின்றவர்கள் என்பதினாலே இன்றைய கேள்வி நம்மை விட்டுவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பக்கத்தை எடுத்துவைத்துத் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

1. உங்கள் தொழிலிலே முதலிடம் யாருக்கு, அடுத்தது யாருக்கு என்று இந்த வாரமே ஒரு தாளிலே எழுதுங்கள்.

2. எந்த நஷ்டம் வந்தாலும் இதைமட்டும் செய்யமாட்டேன் என்று ஒரு வரி சேருங்கள். பலகாரக் கடை நடத்துகிற சகோதரியே, எண்ணெய் கெட்டால் அன்றைய சரக்கை என்ன செய்வீர்கள்? அது கெடாத நாளிலேயே முடிவெடுங்கள்.

3. அதை வேலை செய்கிறவர்களிடம் வாசித்துக்காட்டி, "இதை மீறி நான் நடந்தா, தயங்காம சொல்லுங்க" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தச் சிறிய கூச்சத்தைத் தாங்கப் பழகினவனுக்குப் பெரிய பயம் வரும்போது கால் தரிக்கும்.

பிரியமானவர்களே, நடுக்கம் வந்தால் "எனக்குத் தைரியமே இல்லை" என்று சோர்ந்துபோகாதிருங்கள். கை நடுங்கினாலும், முன்னமே தீர்மானித்ததைச் செய்ய அந்தக் கையினாலே கூடும். அந்தத் தாளை எழுதி முடித்தவர்கள் அடுத்த கூடுகைக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசித்து ஜெபிப்போம்.