மார்கழிக் குஞ்சுகளுக்குக் கேஸா, டீசலா?

நாமக்கல், சேலம் சமவெளிக் கோழிப் பண்ணையாளர்களுக்குக் கார்த்திகை மாத ஆலோசனை

மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கிவிட்டது. மார்கழி பிறந்தால் ராசிபுரம், மோகனூர், பரமத்தி வேலூர் பக்கமெல்லாம் விடியற்காலை வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். நமக்கு ஒரு போர்வை போதும். பொரித்து ஒரு நாளான குஞ்சுக்கோ முதல் வாரம் சுமார் 35 டிகிரி வேண்டும். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். மார்கழி, தையில் குஞ்சு இறக்கப்போகிறவர்கள் எதைக் கொண்டு சூடேற்றுவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பக்கவாட்டில் வலையும் படுதாவும் மட்டுமே உள்ள கொட்டகைக்குக் கேஸ் புரூடர்தான் நல்லது. டீசல் இயந்திரம் காற்றைச் சூடாக்கி ஊதுகிறது. அந்தச் சூடு கூரைக்கு ஏறி, இடுக்கு வழியே வெளியேறிவிடும். கேஸ் புரூடரின் அனல் நேரே குஞ்சின் மேலும் கூளத்தின் மேலும் விழும். முழுக்க மூடிய பெரிய கொட்டகை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் டீசல் பொருந்தும். அதிலும் புகைக்குழாய் வெளியே போகும் வகையையே வாங்குங்கள்.

செலவை நீங்களே கணக்கிடலாம். 19 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 24 லிட்டர் டீசலுக்குச் சமம். மின்சாரத்தில் சுமார் 240 யூனிட். இன்றைய விலையை இந்த மூன்றோடும் பெருக்கிப் பாருங்கள். டீசல் இயந்திரத்தில் ஒரு பங்குச் சூடு புகைக்குழாயோடு போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு தொகுதிக்குக் குண்டு பல்பே போதும், ஆனால் நள்ளிரவில் மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும். சிவப்பு வீட்டுச் சிலிண்டரைப் பண்ணையில் மாட்டாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு சிலிண்டர் எரிந்து முடிந்தால் சுமார் 30 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கொட்டகைக்குள் சேர்ந்திருக்கும். குளிருக்குப் பயந்து படுதாவை மேல்வரை இழுத்துக் கட்டினால் அந்த ஈரம் உமியில் இறங்கும், அம்மோனியா கிளம்பும், குஞ்சுகளுக்குக் கண் எரிந்து மூச்சு இரைக்கும். குளிரில் செத்தவை என்று நினைக்கும் குஞ்சுகளில் பல, காற்றில்லாமல் செத்தவை. வடக்குப் பக்கப் படுதாவைக் கீழிருந்து கட்டி, மேலே ஓரடி திறந்தே விடுங்கள். கூளத்தை நாளும் கிளறுங்கள்.

சிலிண்டர் கொட்டகைக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்கட்டும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேல் இடுக்கு வழியே போகாமல் தரையிலேயே தங்கும். கூள வாடைக்குப் பழகிய மூக்கை நம்பாமல், இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். புரூடர்கள் அதிகமானால் ஒரே சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ மங்கும். இரண்டை இணைத்து வையுங்கள். வெந்நீரோ நெருப்போ சிலிண்டரின் பக்கமே வரக் கூடாது.

கரி அடுப்பு வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதன் நச்சுக்காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. இரவுக் காவலுக்கு இருப்பவரையோ தொழிலாளர் குடும்பத்தையோ அந்தக் கொட்டகைக்குள் படுக்க விடாதீர்கள்.

குஞ்சு வண்டி வருவதற்கு முந்தைய நாளே புரூடரைப் பற்றவைத்துக் கூளத்தைச் சூடாக்குங்கள். வெப்பமானியோடு குஞ்சுகளையும் பாருங்கள். புரூடருக்கடியில் குவிந்தால் குளிர். சுற்றியுள்ள தடுப்புத் தகட்டோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். ஒரே பக்கம் அடைந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி வீதம் குறையுங்கள். பகல் வெயிலில் புரூடரை அணைத்து, பொழுது சாய்வதற்குள் மீண்டும் பற்றவையுங்கள். கூடுதல் சிலிண்டருக்கு இந்த வாரமே சொல்லிவையுங்கள்.