பரணில் கிடைத்த படங்கள்

கேள்வி: பரணில் இருந்த டிரங்குப் பெட்டி நிறையத் தாத்தா காலத்துப் புகைப்படங்கள். எங்கே தொடங்குவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஸ்கேனரைத் தேடும் முன் வீட்டின் மூத்தவரைத் தேடுங்கள். அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஓரமாக நிற்கும் பையன் யார், கல்யாணப் பெண்ணின் அட்டிகை யாரிடம் இரவல் வாங்கியது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அழுதால் அழட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பெயர்களைப் படத்தின் பின்புறம் ஓரத்தில் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். வழுவழுப்பான வண்ணப் படத்தில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறையின்மேல் எழுதலாம்.

ஸ்கேன் செய்யும்போது 1970, 80களின் வண்ணப் படங்களுக்கே முதலிடம். அவற்றின் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளிறிச் சிவப்பேறும். வெள்ளித் துகளால் உருவான கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் தாங்கும். 600 டிபிஐ போதும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது, அப்படியே படமெடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. அமிலமற்ற காகித உறையிலிட்டு, பரணுக்குப் பதில் ஈரமும் வெயிலும் எட்டாத உள்ளறை பீரோவில் வையுங்கள்.