கைப்பிள்ளை எங்கே தூங்க வேண்டும்?



யாழ்ப்பாணத்தில் வளையிலே சேலையைக் கட்டி 'ஏணை' என்பார்கள். நம்ம லயத்தில் அதுவே தொட்டில். பேர்தான் வேறு, ஆபத்து ஒன்றுதான். சேலை வளைந்து தொங்குவதால் கைப்பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம்.

"ஆட்டினால்தானே தூங்குது" என்பீர்கள். சரி, ஆட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

ராத்திரியில் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவதே நல்லது. கொழுந்தெடுத்துக் களைத்த உடம்பு அசந்து தூங்கும். பிள்ளை நசுங்கினாலும் தெரியாது.

1. மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1990களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப் பழக்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

2. படுக்கை கெட்டியாக இருக்கட்டும். ஒரு வயது வரை தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும் வேண்டாம்.

3. குளிருக்குக் கனத்த கம்பளி போர்த்தாதீர்கள். சட்டை ஒன்று கூடப் போடுங்கள்.

4. மரத்தொட்டில் வாங்கினால் சட்டங்களுக்கு நடுவே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. சோடா டின் நுழைந்தால் அது ஆகாது. கட்டிலோடு ஒட்டி வைத்தால் இடுக்கு விழாமல் இறுக்கிக் கட்டுங்கள்.

5. குடித்தவர், பீடி புகைப்பவர் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தாதீர்கள்.

தொட்டில் வாங்கக் காசில்லையா? கவலை வேண்டாம். தனிப்பாயில் மடித்த துணியைச் சுருக்கமில்லாமல் இறுக்கி விரித்தால் போதும். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவமாதைக் கேளுங்கள்.