தத்துவம் முப்பத்தாறும் எண்ணின் இயல்பும்

சைவசித்தாந்த நூல்களைப் பயிலப் புகுவார்க்கு முதற்கண் எதிர்ப்படுவது எண்ணேயாம். பொருள் 3, மலம் 3, திருவெழுத்து 5, அத்துவா 6, ஆகமம் 28, தத்துவம் 36 எனத் தொகைகள் பலவாக விரிகின்றன. இவை பொருளின் இயல்புபற்றி வந்தனவோ, எண்ணின்கண் உள்ளதோர் மறைபொருள்பற்றி வந்தனவோ என்னும் ஐயம் மாணாக்கர் சிலர்க்கு நிகழ்கின்றது. இதனைத் தெளியாது விடின் தத்துவவாராய்ச்சி எண்சோதிடமாய் முடியுமாகலின், ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கணித நூலார் 36 என்னும் எண்ணின்கண் வியக்கத்தக்க இயல்புகள் சில காட்டுவர். 1 முதல் 8 ஈறாகவுள்ள எண்களைக் கூட்ட 36 வரும். ஆகலான் அது முக்கோணவெண். 6-ஐ 6-ஆற் பெருக்கவும் 36 வரும். ஆகலான் அது வர்க்கவெண்ணுமாம். இவ்விரண்டியல்பும் ஒருங்குடைய எண்கள் 1, 36, 1225, 41616 என நெடிது இடையிட்டே வருகின்றன. இன்னும், 1, 2, 3 என்பவற்றின் கனங்களாகிய 1, 8, 27 என்பவற்றைக் கூட்டினும் 36 ஆம். ஒன்று முதலாகத் தொடர்ந்த எண்களின் கனத்தொகை, அவ்வெண்களின் கூட்டுத்தொகையினது வர்க்கத்திற்குச் சமமாம் என்னும் விதியைக் கி.பி. 476-இல் தோன்றிய ஆரியபடர் தம் ஆரியபடீயத்திற் கூறியுள்ளார்.

ஆகமத்தொகையாகிய 28-ம் அத்தகைத்தே. அதனைச் சேடமின்றி வகுக்கும் சிற்றெண்களாகிய 1, 2, 4, 7, 14 என்பவற்றைக் கூட்ட 28 வரும். இத்தகைய எண்ணை நிறைவெண் என்பர். யவனதேயத்து யூக்ளிட் என்பார் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் நிறைவெண்களை ஆக்கும் முறையொன்றை நிறுவினார்.

அற்றேல், 36 தத்துவமும் 28 ஆகமமும் இவ்வெண்களின் சிறப்புப்பற்றியே அமைந்தன எனக் கொள்ளாமோ எனின், கொள்ளாம். காட்சி, கருதல், உரை என்னும் அளவை மூன்றனுள் எதனானும் அது பெறப்படாமையின் என்க. கருதலளவைக்கு ஏதுவும் துணிபொருளும் நீங்காது உடனிகழ்தல் வேண்டும். புகைக்கும் தீக்கும் அது உண்டு. எண்ணின் அழகிற்கும் தத்துவத்தின் உண்மைக்கும் அது இல்லை. 36 தத்துவத்தோடு தாத்துவிகம் 60-ஐக் கூட்ட 96 ஆம். அது முக்கோணவெண்ணுமன்று, வர்க்கவெண்ணுமன்று, நிறைவெண்ணுமன்று. 28 ஆகமமும் சிவபேதம் 10, உருத்திரபேதம் 18 எனப் பகுக்கப்பட்டுழி, அவ்விரண்டும் நிறைவெண் ஆகாமை காண்க. எண்ணின் அழகை நம்பிக் கட்டிய கொள்கை அவ்வழகு நீங்கியவிடத்தே வீழ்ந்துபடும்.

மற்றுத் தத்துவத்தொகை எதுபற்றி வந்தது எனின், தொழில்பற்றி வந்தது. செவி ஓசையையன்றி உருவைப் பற்றாது. ஆகலான் கண் வேறு வேண்டப்பட்டது. மனம் பற்றியதனைத் துணிதற்குப் புத்தி வேண்டப்பட்டது. இவ்வாறு ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யமாட்டாமை கண்டு, ஆன்மதத்துவம் 24 என்றனர். சாங்கியர் இவ்வகையிற் சென்று புருடனோடு 25 எனக் கூறி நின்றனர். ஆயின் மலத்தான் மறைப்புண்ட உயிரின் செயலாற்றலைக் கலையும், அறிவாற்றலை வித்தையும், இச்சையை அராகமும் விளக்குதல் வேண்டும். அதனான் வித்தியாதத்துவம் 7-ம், அவற்றைச் செலுத்தும் சிவதத்துவம் 5-ம் கூடி 36 ஆயின. தொழில் கண்டு எண் வந்ததன்றி, எண் கண்டு தொழில் வந்ததன்று.

இனி இத்துணையும் எண்ணுதலாற் பயன் யாதெனின், எண்ணி நீக்குதலே பயன். எண்ணப்படுவது எண்ணுவோனுக்கு வேறாம். கையிலுள்ள காசை எண்ணுவான் தான் காசாகாமைபோல, 36-ஐயும் எண்ணியறியும் உயிர் அவற்றுள் ஒன்றாகாது. தசகாரியத்துள் தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி என்பன முன்வைக்கப்பட்டமையும் இக்கருத்தேபற்றி.

அஃதேல், புருடன், சிவம் என்பனவும் 36-உள் எண்ணப்பட்டனவன்றோ எனின், நன்று வினாயினாய். ஆண்டுப் புருடன் என்றது பஞ்சகஞ்சுகம் போர்த்துப் போகநுகர்ச்சிக்கு முற்பட்ட நிலையை. உயிரின் உண்மையியல்பை அன்று. சிவம் என்றது சுத்தமாயையில் தோன்றிய நாதத்தை, முதல்வனை அன்று. பெயரொப்புமை கண்டு மயங்கற்க.

எண்ணின் எல்லையை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் உணர்த்தியருளினார். அத்துவிதம் என்னுஞ் சொற்கு ஒன்று எனப் பொருள் கொள்வாரை மறுத்து, ஒன்றெனச் சுட்டுவோன் ஒருவன் உளனாகலின் அச்சொல் அன்னியமின்மையையே உணர்த்தும் என்றார். ஆண்டு ஒன்றென்றலும் இரண்டென்றலும் சாலா. கண்ணொளியும் ஞாயிற்றொளியும் கலந்துழி, இரண்டெனப் பிரித்தற்கும் அரிது. பொருள் ஒன்றேயெனத் துணிதற்கும் அரிது.

ஆகலான் பாடசாலை மாணாக்கர் 36 தத்துவத்தை வாய்பாடுபோல ஒப்புவித்தலோடு அமையற்க. அவற்றின் கணிதவழகை வியத்தலோடும் அமையற்க. கணிதவழகு அறிவிற்கு இன்பந் தருவது, அதனை வெறுக்கவேண்டுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு தத்துவத்தையும் எண்ணுந்தோறும் 'இஃது யானல்லேன்' என அறிந்து கழித்துச் செல்க. கழித்தற்குரியன முற்றும் கழிந்தவழி எஞ்சிநிற்கும் உயிர், தனக்கு அதுகாறும் காட்டிநின்ற திருவருளைக் காணும். அவ்வருட்கு எண்ணில்லை.