அறுபது மைலைத் தாண்டினால் ஆடும் பாஸ் படகு

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களின் படகு உயரம் குறைவானது. நீளம் பெரும்பாலும் 18 முதல் 21 அடி, பின்னால் 150 முதல் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். போட்டி நாளில் மற்றவர்களுக்கு முன்னால் நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை வேகம். மணிக்கு 50 மைல் வரை சொன்னபடி கேட்கும் படகு, 60-ஐத் தாண்டியதும் இடமும் வலமுமாகத் தத்தளிக்கத் தொடங்கும். இதை 'சைன் வாக்' என்பார்கள். உடனே பலரும் புதுப் புரொப்பெல்லர் வாங்கக் கடைக்கு ஓடுகிறார்கள். என்னைக் கேட்டால் காசு செலவாகிற அந்த வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வேகம் ஏற ஏறப் படகின் அடிப்பாகம் தண்ணீரைவிட்டு எழும்பிவிடும். கடைசியில் தண்ணீரில் பதிந்திருப்பது பின்பக்க அடியில் உள்ள 'பேடு' என்ற குறுகலான தட்டைப் பட்டை மட்டும்தான். படகு அப்போது கயிற்றின்மேல் நடப்பவரின் நிலையில் இருக்கிறது. புரொப்பெல்லரின் சுழற்சி அதை ஒரு பக்கம் சாய்க்கும். சாய்ந்த பக்கத்து ஓரம் தண்ணீரில் மோதி மறுபக்கம் தள்ளும். அங்கிருந்து மறுபடி இங்கே. ஸ்டியரிங்கில் தளர்வு இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

ஆகவே முதல் வேலை ஸ்டியரிங். படகு ட்ரெய்லரில் இருக்கும்போது, எஞ்சினை அணைத்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் எஞ்சினின் கீழ்ப்பகுதியை அசையாமல் பிடிக்க, நீங்கள் சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். எஞ்சின் அசையாமல் சக்கரம் மட்டும் திரும்பினால் அதுதான் தளர்வு. கேபிள் ஸ்டியரிங் என்றால் தேய்ந்த கேபிளையும் இணைப்பையும் பாருங்கள். ஹைட்ராலிக் என்றால் பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். எண்ணெய் நிரப்பிக் காற்றை வெளியேற்றினால் சரியாகும். பிறகு எஞ்சினைத் தாங்கி ஏற்றியிறக்கும் ஜாக் பிளேட்டும் படகின் பின்சுவரும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, எஞ்சினை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்கு 'டக்'கென்று தெரியும். அப்படித் தெரிந்தால் போல்ட்டுகளை எஞ்சின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். பல படகுகளின் ஆட்டம் இந்த இடத்திலேயே பாதி அடங்கிவிடும்.

அடுத்தது எடை. மீனை உயிரோடு வைக்கும் தொட்டியில் 30 கேலன் தண்ணீர் இருந்தால் அதுவே 113 கிலோ, அதுவும் பின்பக்கத்தில். பேட்டரிகளும் பெட்ரோலும் அங்கேதான். வேகச் சோதனைக்குப் போகும்போது தொட்டியைக் காலியாக வையுங்கள். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு: வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் படகை இடப்பக்கம் சாய்க்கப் பார்க்கும், ஓட்டுநரின் எடை அதற்கு ஈடுகொடுக்கும். இடப்பக்க லாக்கரில் ஈயக்குண்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்தால் அந்த ஈடு போயிற்று. (மீன் பிடிப்பவரிடம் பெட்டியைக் குறைக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.) கனமான சாமான்களைப் படகின் நடுவாக்கில் வையுங்கள். எல்லாவற்றையும் அணியத்துக்குத் தள்ளிவிட்டால், முன்பகுதி தண்ணீரைக் குத்தித் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். இது ஆட்டத்தைவிட ஆபத்து.

இனி எஞ்சினின் உயரம். புரொப்பெல்லர் தண்டின் மையம் பேடுக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். 3 முதல் 3.5 அங்குலம் பல படகுகளுக்கு நல்ல தொடக்கம். ஜாக் பிளேட்டை ஒரு தடவைக்குக் கால் அங்குலம் மட்டும் உயர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி எழுதுங்கள். குளிர்நீர் அழுத்தமானியின் முள் கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் எஞ்சினே வெந்துவிடும். திருப்பத்தில் புரொப்பெல்லர் பிடிப்பை விட்டு எஞ்சின் வீணாக அலறினால், உயர்த்தியது அதிகம், ஒரு படி இறக்குங்கள்.

இதற்குப் பிறகும் குறை இருந்தால் புரொப்பெல்லரைப் பற்றி யோசிக்கலாம். பொதுவாக மூன்று இலை அணியத்தை நன்றாகத் தூக்கும். நான்கு இலை பின்பக்கத்தைத் தாங்கித் திருப்பத்தில் பிடிப்பாக இருக்கும், உச்ச வேகத்தில் கொஞ்சம் குறையலாம். பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம், ஓர் அங்குலம் மாறினால் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 150 முதல் 200 வரை மாறும். முழு த்ராட்டிலில் சுற்று கையேடு சொல்லும் எல்லைக்குள் வந்தாக வேண்டும்.

சோதனை ஓட்டத்துக்குக் காற்றில்லாத காலையும் ஆளில்லாத ஏரியும் வேண்டும். உயிர்காப்பு அங்கியை அணிந்து, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். 26 அடிக்குக் குறைந்த, அந்த வசதி பொருத்திய படகுகள் வேகமெடுத்து ஓடும்போது கயிற்றை மாட்டுவது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும்கூட. காலால் இயக்கும் த்ராட்டிலும், எஞ்சினின் சாய்வை மாற்றும் ட்ரிம் நெம்புகோல் ஸ்டியரிங் தண்டிலேயேயும் இருந்தால் இரண்டு கையும் சக்கரத்திலேயே இருக்கும். நான் முதலில் பணம் போடச் சொல்வது இதற்குத்தான். ட்ரிம்மைத் துளித்துளியாக ஏற்றுங்கள். முதல் ஆட்டம் தெரிந்ததும் ஒரு துளி இறக்கி, வேகத்தை மெல்லக் குறையுங்கள். பயந்து த்ராட்டிலைச் சட்டென்று விட்டால் அணியம் விழுந்து படகு திசைமாறும். சக்கரத்தில் சிறு சிறு திருத்தம் போதும். ஆட்டம் பெரிதான பிறகு செய்யும் பெரிய திருத்தம் அதை இன்னும் வளர்க்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தையும் ட்ரிம்மையும் குறைத்துவிடுங்கள்.

அணியம் மேலும் கீழுமாகக் குதிப்பது வேறு சங்கதி. ட்ரிம்மை உள்ளே இழுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எல்லாம் செய்தும் அடங்கவில்லையா? நீளமான நேர்கோல் ஒன்றை, பின்முனையிலிருந்து ஐந்தாறு அடி தூரத்துக்கு அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அடிப்பாகம் வளைந்திருக்கிறது. ஃபைபர்கிளாஸ் பட்டறையில் சரிசெய்துகொள்ளலாம். அதோடு ட்ரெய்லரின் தாங்குகட்டைகள் பின்சுவர் வரை முழுதாக நீள்கின்றனவா என்று பாருங்கள். குட்டையாக இருந்தால், சரிசெய்த படகும் சில வருடத்தில் மறுபடி வளைந்துவிடும்.