அம்மா கைக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

லீவுக்கு மேகமலை ஏறி வரும் தங்கச்சிகளே, வீட்டில் ஒரு பழைய லேப்டாப் கிடக்குமே, பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்தது. 2011ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வந்த ஒன்று எங்கள் எஸ்டேட் லயன் வீட்டிலும் அலமாரி மேல் துணி சுற்றிக் கிடந்தது. அதை எடுத்து அம்மாவுக்காகச் சரிசெய்தேன். நீங்களும் செய்யலாம், ஒரு மத்தியானம் போதும்.

முதலில் அம்மாவின் கையைப் பாருங்கள். முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல், நுனி காய்த்துப் போயிருக்கும். டபுள் கிளிக் செய்யச் சொன்னால், முதல் அழுத்துக்கும் அடுத்த அழுத்துக்கும் நடுவில் மவுஸ் நகர்ந்துவிடும். திறக்க வேண்டிய படம் இழுபட்டு எங்கேயோ போய் நிற்கும். "எதையோ கெடுத்துட்டேன் தாயி" என்று எங்கள் அம்மா கையை எடுத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபைல் எக்ஸ்புளோரர் ஆப்ஷன்ஸில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றிவிட்டேன். அந்தத் தொல்லை அன்றோடு போயிற்று. மவுஸ் அம்பையும் எழுத்தையும் பெரிதாக்கி வையுங்கள்.

திரையில் நாலே படங்கள் போதும். மற்றதையெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளுங்கள். பெயரை அவர்கள் வாயில் வருகிற மாதிரியே தமிழில் வையுங்கள்: 'பி.எஃப். பேப்பர்', 'பேரன் போட்டோ'.

எழுதுவதற்குத் தமிழ் 99 தான் என் சிபாரிசு. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. இங்கிலீஷ் எழுத்தே தெரிய வேண்டாம். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும். நடுவிலுள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அம்மா அடுத்துத் தட்டிய வார்த்தை 'கொழுந்து'. ஏழே தட்டு! கீகளில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதி செல்லோடேப் போட்டாலும் உழைக்கும்.

மலை மேலே போன் சிக்னலை நம்ப முடியாது. சின்னமனூருக்கு இறங்குகிற அன்று வேண்டியதைப் போனில் டவுன்லோட் செய்துகொண்டு, வீட்டுக்கு வந்து கேபிள் போட்டு மாற்றிக் கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் பழைய லேப்டாப்பில் பேங்க் வேலை வேண்டவே வேண்டாம். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண்ணைப் பெரிதாக எழுதி லேப்டாப் மூடியின் மேல்பக்கம் ஒட்டுங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது அவசரத்தில் மவுஸைப் பிடுங்கிவிடாதீர்கள், தங்கச்சிகளே. எவ்வளவு நேரமானாலும் அது அம்மா கையிலேயே இருக்கட்டும்.